வெயில் படாமல் வளர்த்த மகளுக்கு

கவிதா,

எனக்குக் கண்புரை எடுத்து இன்றோடு பதினாறு நாள். குனிந்து எழுதக்கூடாது என்று சொல்லியிருப்பதால் உன் அம்மா மேசைமேல் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் உன் பழைய பரீட்சை அட்டையை வைத்துக் கொடுத்திருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் கண் காரணமில்லை. எழுதப் போவது என்னவென்று எனக்குத் தெரியும், அதனால்தான் அடித்து அடித்து எழுதுகிறேன். அடுத்த மாதம் நீயும் மாப்பிள்ளையும் யாழினியும் கனடாவுக்குக் கிளம்புகிறீர்கள். அதற்குள் சென்னைக்கு வந்து நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பஸ்ஸுக்குக் கிளம்பி, மன்னார்குடி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். உன் எதிரில் உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்காவது போய்விடும். காய்கறி விலை, மேட்டூர்த் தண்ணீர், உன் பெட்டிகளின் எடை என்று பேசிவிட்டு வந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

சித்திரையில் நீ யாழினியைக் கூட்டிக்கொண்டு லீவுக்கு வந்தாய். வாய்க்கால் வறண்டு கிடந்தது. காலை பத்து மணி இருக்கும். அவள் தெருப் பிள்ளைகளோடு வாய்க்காலுக்குள் இறங்கி நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்த உடனே எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "கறுத்துப் போயிடுவ, வெயில்ல என்ன வேலை உனக்கு" என்று கத்தினேன். ஆறு வயதுக் குழந்தை, கையில் இருந்த ஓடுகளைக் கீழே போட்டுவிட்டு அழாமல் என்னையே பார்த்தது. வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். நீ சமையல் அறையிலிருந்து வந்து கதவைத் திறந்தாய்.

"அப்பா, அவளை விடுங்க. போன மாசம்தான் கண்ணு காட்டினோம். இன்னும் பவர் வரல. ஆனா வர்ற மாதிரி இருக்கு, தினமும் ரெண்டு மணி நேரமாவது வெளிய வெளிச்சத்துல விளையாட விடுங்கன்னு சொல்லியிருக்காங்க. சென்னையில இடமில்லன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"வெளிச்சத்துல விளையாடினா கண்ணு நல்லாகுமா? எந்த டாக்டர் சொன்னது? பதினாலு வருஷம் வெயில்லயே வேலை பார்த்தவன் நான். எனக்குச் சொல்லித் தரியா?"

"நீங்க வெயில்ல இருந்தீங்கப்பா. நான் இருட்டுல வளந்தேன். எனக்கும் கொஞ்சம் தெரியும்."

நீ சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குழந்தையை மறுபடி வாய்க்காலுக்கு அழைத்துப் போனாய். தலையில் ஒரு தொப்பி வைத்து, பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, நீயும் கரையில் புங்கமர நிழலில் உட்கார்ந்துகொண்டாய். ஒரு வாரம் தங்குவதாக வந்தவள் நான்காம் நாள் கிளம்பிவிட்டாய். ஆபீசில் வேலை என்றாய். நானும் நம்பினதாகத் தலையாட்டினேன்.

இருட்டுல வளந்தேன் என்ற அந்தச் சொல் எனக்குள் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. கான்கிரீட் போட்டு மெத்தை வீடு கட்டினேன், மின்விசிறி, டியூப் லைட், தெருவிலேயே முதலில் கலர் டிவி, எல்லாம் உனக்காக. அதையா இருட்டு என்கிறாள் என்று உன் அம்மாவிடம் நாலு நாள் கத்தினேன். அவள் பதில் சொல்லவில்லை. சில சமயம் அவள் பதில் சொல்லாமல் இருப்பது நான் தப்பு என்பதால்தான் என்று எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும், தெரிந்தும் கத்துவேன்.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். என்னை நியாயப்படுத்திக்கொள்வதற்கு இல்லை. நான் வளர்ந்த தெருவை நீ பார்த்ததில்லை, நீ பிறக்கும்போது அது மாறத் தொடங்கியிருந்தது. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். நான் எட்டு வயதிலிருந்து அவர்களோடு வயலில் நின்றேன், பள்ளிக்கூடம் போன நாள் போக மீதி நாளெல்லாம். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் களத்துக்கு வந்தால் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். எங்களை நிழலுக்குக் கூப்பிட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர் வரிசையில் நிற்க வைத்து, முகத்தைப் பார்த்தே யார் வயலுக்குப் போகிறவன், யார் போகாதவன் என்று சொல்லுவார். என்னைக் காட்டி அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். வெயில் என்பது எங்கள் உடம்பில் ஒட்டியிருந்த ஒரு விலாசம் என்று அன்றைக்கு எனக்குப் பதிந்துபோனது. எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது நிழலிலேயே வளர வேண்டும், யாரும் அதன் முகத்தைப் பார்த்து எங்கிருந்து வருகிறாள் என்று கண்டுபிடிக்கக்கூடாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடம்கூட.

உனக்கு மூன்று வயதாகும்போது சவுதிக்குப் போனேன். அப்போது நம் ஊரில் பாஸ்போர்ட் எடுக்காத இளைஞன் இல்லை. பத்தாவது படித்தவனும் படிக்காதவனும் ஒரே விமானத்தில் போனோம். எனக்குக் கிடைத்தது கம்பி கட்டுகிற வேலை. கான்கிரீட் போடுவதற்கு முன் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து முறுக்கிக் கட்ட வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் கம்பியின் சூடு எலும்பு வரைக்கும் ஏறும். வெள்ளை மணலில் பட்டு வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். அப்போதெல்லாம் நான் உன்னை நினைத்துக்கொள்வேன். இந்நேரம் அவள் விசிறிக் காற்றில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் மதியத்தைத் தாண்டிவிடலாம். நான் அனுப்பிய கேசட்டுகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு நாள் எடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் நலம் விசாரித்த கையோடு நான் சொல்வது ஒன்றுதான். "பாப்பாவை வெயில்ல விடாத. வயக்காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போகாத. பள்ளிக்கூடம் விட்டா நேரா வீடு, வீட்டுல படிப்பு." என் குரல் என்று நம்பவே முடியவில்லை. எங்கள் பண்ணையில் மேற்பார்வை பார்த்தவர் குரல் போல இருந்தது.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது உன் அம்மா பதில் கேசட்டில் சொன்னாள். நீ ஒரு பாடத்தை ஒப்பித்து முடித்த பிறகு, விசிறிச் சத்தத்துக்கு நடுவில், தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். "புள்ள போர்டு தெரியலங்குதுங்க. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குது. டாக்டர்கிட்ட காட்டட்டுமா?" நான் என்ன பதில் அனுப்பினேன் என்பதையும் கேட்டேன். படிக்கச் சோம்பல்பட்டுச் சொல்லும், முதல் பெஞ்சில் உட்காரச் சொல்லு, பொன்னாங்கண்ணி ஆய்ந்து கொடு. அவ்வளவுதான். நீ கேட்டிருப்பாய். அந்த வயதில் அப்பாவின் கேசட் வந்தால் நீதான் முதலில் டேப்பில் போடுவாய் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். உன்னைச் சோம்பேறி என்று நான் சொன்னதை நீ என் குரலிலேயே கேட்டாய்.

அதற்கு அடுத்த வருஷம் லீவில் வந்தேன். மன்னார்குடி பஸ் நிலையத்துக்கு நீயும் அம்மாவும் வந்திருந்தீர்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். உன் அம்மா என்னைக் காட்டி, "அப்பா வந்தாச்சு பாரு, போ" என்று உன்னை அனுப்பினாள். நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய். சிரித்துக்கொண்டே ஓடி வந்தாய். நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நீ என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பின்னால் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த வேறு ஒருவரின் கையைப் பிடித்தாய். அவரும் என்னைப் போலவே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் குனிந்து உன்னைப் பார்த்துச் சிரித்ததும் நீ பயந்துபோய்க் கையை விட்டாய். நான் அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். "அப்பாவை மறந்துட்டியா?" என்று கேட்டேன். "மறக்கல" என்றாய். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் "மறக்கல" என்றாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன். ஊரில் எல்லாரிடமும் சொன்னேன், இரண்டு வருஷத்தில் பெற்ற மகளே முகம் மறந்துவிட்டாள், இதுதான் அயல்நாட்டு வாழ்க்கை என்று. கேட்டவர்கள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். நீ பக்கத்திலேயே நின்றாய். உனக்கு அந்தத் தூரத்தில் என் முகம் தெரியவில்லை, ஒரு வெள்ளைச் சட்டை மட்டும்தான் தெரிந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நீ நினைத்திருந்தாய்.

பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தபோதுதான் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். எட்டு வயதில் உனக்கு மைனஸ் நான்கு. கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது நீ வெளியே வேடிக்கை பார்ப்பாய் என்று ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். நீ வெளியே பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். அம்மாப்பேட்டை தாண்டியதும், "அப்பா, உங்களுக்கு ஒரு பல்லு உடைஞ்சிருக்கு" என்றாய். கம்பி முறுக்கும்போது கொக்கி நழுவி அடித்து உடைந்த பல். நான் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அன்றைக்காவது நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும்.

யோசித்தேன், தலைகீழாக யோசித்தேன். பிள்ளைக்குக் கண் பலவீனம், பலவீனமான கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று நானே முடிவு செய்தேன். அப்போதுதான் மெத்தை வீடு கட்டி முடிந்த சமயம். உன் படிப்பு அறை ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டேன், கார்களுக்குப் போடுகிற மாதிரி. ஊரில் யார் வீட்டிலும் அப்படி இல்லை. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. பட்டப் பகலில் அந்த அறையில் டியூப் லைட் போட்டால்தான் புத்தகம் தெரியும். அந்த அறையில்தான் நீ பத்தாவது வரைக்கும், பிறகு பன்னிரண்டாவது வரைக்கும் உட்கார்ந்தாய். ஒவ்வொரு லீவிலும் நான் வந்து உன்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போவேன், ஒவ்வொரு முறையும் கண்ணாடி தடித்துக்கொண்டே போனது. ஐந்து, ஆறரை, எட்டு. ஒன்பதே காலில் வந்து நின்றது. படிக்கிற பிள்ளை என்றால் இப்படித்தான் என்று ஊரில் சொன்னார்கள். நானும் மார்க்கைப் பற்றிப் பேசும்போது கண்ணாடியையும் சேர்த்துப் பெருமையாகத்தான் பேசினேன்.

உன் அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஏன் என்று அவளால் சொல்ல முடியாது, ஆனால் அடைத்து வைத்த பிள்ளை வாடுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இல்லாத காலத்தில் அவள் சாயங்காலம் உன்னை ஆற்றுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். பள்ளியில் கோகோ டீமில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று விளையாட்டு டீச்சர் கேட்டபோது சரி என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு ஊர்க்காரர் ஒருவர் மூலம் தெரிந்தது, பிள்ளை கறுத்துப்போய்த் திரிகிறது என்று. டெலிபோன் பூத்துக்கு அவளை வரவழைத்து, வரிசையில் ஆட்கள் நின்று கேட்க, ரியாத்திலிருந்து கத்தினேன். "நான் இங்க வெயில்ல கெடந்து சாவுறது எதுக்கு? என் பொண்ணையும் வெயில்ல விடுறதுக்கா?" மறுநாளே அவள் உன்னைக் கோகோவிலிருந்து நிறுத்திவிட்டாள். நீ அந்த உடுப்பை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாய், திரும்பக் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். ஏழு மாதம் விளையாடியிருக்கிறாய். உன் சிறு வயதில் உன் கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் கிடைத்தது அந்த ஏழு மாதம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று நான் செய்ததையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வா என்று சொன்னேன். நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாய். காபித் தட்டோடு வந்தாய். மேசை முடிகிற இடம் உனக்குத் தெரியவில்லை. டம்ளர் கீழே போய் மாப்பிள்ளையின் அம்மா புடவையில் காபி கொட்டியது. மாப்பிள்ளை எழுந்து வந்து டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, "உங்க கண்ணாடி எங்கங்க? போட்டுட்டு வாங்க, நாங்க உக்காந்திருக்கோம்" என்றார். உன் கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. எல்லார் முன்னாலும் எடுத்து உன்னிடம் கொடுத்தேன். அன்று எனக்கு வந்தது வெட்கமில்லை, கோபம். நம் வீட்டு விஷயம் வெளியே தெரிந்துவிட்டதே என்ற கோபம். வெட்கம் வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆடி மாதம் தஞ்சாவூரில் எனக்குக் கண்புரை என்றார்கள். பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இத்தனை வருஷம் கடும் வெயிலில் கண்ணுக்கு மறைப்பே இல்லாமல் இருந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எனக்கு உடனே நீ ஞாபகம் வந்தாய். சித்திரையில் நடந்த சண்டையை அவரிடம் வழக்குப் போலச் சொன்னேன். இதோ பாருங்கள், வெயில் என் கண்ணைக் கெடுத்தது, என் மகள் பேத்தியை வெயிலில் விடு என்கிறாள், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"ரெண்டும் சரிதான் ஐயா. சூரியனை நேரா பாக்கறது, பாதுகாப்பு இல்லாம வருஷக்கணக்கா உச்சி வெயில்ல நிக்கறது தப்பு. ஆனா புள்ளைங்களுக்கு வெளி வெளிச்சம் வேணும். புள்ள வளர வளர அதோட கண்ணு உருண்டையும் வளருது. சரியான அளவு வந்ததும் அது நிக்கணும். நிக்காம பின்பக்கமா நீண்டுட்டா, தூரத்துல இருக்கிறது விழித்திரையில சரியா விழாது, முன்னாடியே விழுந்துடும். அதுதான் கிட்டப்பார்வை. நல்ல வெளிச்சம் பட்டா விழித்திரையில டோபமைன்னு ஒரு ரசாயனம் சுரக்குது. போதும், இனிமே நீளாதன்னு கண்ணுக்குச் சொல்றதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு நினைக்கிறாங்க."

"வீட்டுல டியூப் லைட் எரிஞ்சுதேம்மா. அதுவும் வெளிச்சம்தானே?"

அவர் செல்போனை எடுத்தார். வெளிச்சத்தை அளக்கிற ஏதோ ஒன்று அதில் இருந்தது. அறைக்குள் விளக்குக்குக் கீழே பிடித்துக் காட்டினார், மூன்று இலக்கத்தில் ஒரு எண். பிறகு என்னை வாசலுக்கு வரச் சொல்லி, வேப்பமரத்து நிழலில், வெயில் படாத இடத்தில் நின்று பிடித்தார். எண் ஐந்து இலக்கத்துக்குப் போயிருந்தது. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லையாம். கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்திருக்கிறார்களாம். பிரகாசமான வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுகளுக்குக் கண் அவ்வளவாக நீளவில்லை. அந்த டோபமைன் வேலை செய்யாமல் மருந்து கொடுத்துத் தடுத்தால், வெளிச்சம் இருந்தும் பலன் இல்லாமல் போகிறதாம். நான் அந்த மர நிழலிலேயே நின்றேன். நிழல், கவிதா. நீ கறுத்துப்போகாமலே உன்னை இப்படி ஒரு மரத்தடியில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தைக்கூடப் பிடுங்கியிருக்க வேண்டாம்.

டாக்டரிடம் உன் கண்ணைப் பற்றி முழுசாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். இது ஒரே காரணத்தால் வருவதில்லை, பரம்பரையும் உண்டு, நாள் முழுக்கப் புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிப்பதும் உண்டு, இன்னும் முழுதாகத் தெரியாததும் உண்டு, அந்தக் காலத்தில் டாக்டர்களே இதைச் சொன்னதில்லை என்றார். நீண்ட கண் திரும்பச் சுருங்காது என்பதையும் சொன்னார். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு டோபமைன் தெரியாமல் போனது பற்றி வெட்கமில்லை. உன் அம்மா கேசட்டில் சொன்னாள். நீ கண்ணைச் சுருக்கிக் காட்டினாய். பஸ் நிலையத்தில் மறக்கல என்று இரண்டு முறை சொன்னாய். அதையெல்லாம் கேட்பதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை.

இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கடிதம். யாழினிக்கு ஒன்பது மாதம் ஆனபோது மாப்பிள்ளை வேலையாக ஹைதராபாத் போயிருந்தார். ஒரு நாள் காலை நீ எனக்குப் போன் செய்தாய். "அப்பா, இடது கண்ணுல ஓரமா மின்னல் மாதிரி அடிக்குது. கறுப்புப் புள்ளி நிறையப் பறக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா, குழந்தையைப் பாத்துக்க அம்மா வர முடியுமா?" நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "கைக்குழந்தையோட தூக்கம் கெட்டிருக்கும். வெளிச்சத்தைப் பாக்காத. ஜன்னலைச் சாத்திட்டு ரெண்டு நாள் கண்ணை மூடிப் படு, சரியாயிடும்." அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். யார் என்று கேட்டாள். கவிதாதான், சும்மா பேசினாள் என்றேன். மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் திரை இறங்கினது போல பாதி உலகம் மறைந்தது. விழித்திரை பிய்ந்து வந்திருந்தது. நீண்டுபோன கண்ணில் அது மெலிந்து இழுபட்டுக் கிடக்கும், இப்படி ஆகிற அபாயம் அதிகம் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். புள்ளி பறந்த அன்றே வந்திருந்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ லேட்டா சொல்லிட்டா மாமா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். நீ முன்னாலேயே சொன்னாய், என்னிடம் சொன்னாய் என்று நான் அங்கே சொல்லவில்லை. நீயும் கட்டுக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருந்தாய். அலட்சியமாக இருந்தவள் என்ற பேரை நீ எடுத்துக்கொண்டாய். ஆறு வருஷமாக நான் அதை உன் தலையிலேயே விட்டு வைத்திருக்கிறேன். இப்போது அந்தக் கண்ணில் உனக்கு நிழலாட்டம் மட்டும்தான் தெரிகிறது.

இன்று காலை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குப் போனில் நீ கேட்டதையும் நான் சொன்னதையும் அவளிடம் மறைத்ததையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே அவ சொன்னா. சொல்லிட்டு, அப்பாகிட்ட இதைக் கேக்காதம்மா, அவர் தாங்க மாட்டாருன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

அதற்குப் பிறகு நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. குறுவை நடவு முடிந்து வயலெல்லாம் பச்சையாக இருந்தது. புதுக் கண்ணில் அது ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது, பார்க்கத்தான் முடியவில்லை. பெற்றவன் பிள்ளையை மறைத்துக் காப்பாற்றுகிறான் என்றுதான் நான் வாழ்நாள் முழுக்க நினைத்தேன். ஒரு கண்ணை இழந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்த நேரத்தில் நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ உடனே சரிப்பா என்று சொல்லிவிடுவாய், அதுவும் எனக்காகத்தான் இருக்கும். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, நடந்ததை நடந்தபடியே சொல்லி இதே உறையில் வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிடு, நீ படிக்க வேண்டாம். உனக்கு இருக்கிற ஒரு கண்ணை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டு. ஒரு புள்ளி புதிதாகப் பறந்தாலும் யாரிடமும் யோசனை கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ, என்னிடம் கேட்கவே கேட்காதே. போகிற ஊரில் வருஷத்தில் பாதி குளிர் என்கிறார்கள். குளிர் என்று குழந்தையை உள்ளே வைத்துவிடாதே. மூன்று சட்டை போட்டாவது பகலில் வெளியே அனுப்பு.

என் ஆபரேஷனுக்குப் பிறகு நீ மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் எடுப்பேன். நீ என்ன கேட்க வேண்டுமோ கேள், என்ன திட்ட வேண்டுமோ திட்டு. எனக்குத் தாங்குமா தாங்காதா என்று மட்டும் பார்க்காதே. போனை யாரிடமும் கொடுக்காமல் நீ முடிக்கிற வரைக்கும் கேட்கிறேன்.

அப்பா